‘ம்’ கொட்ட மறுத்த தொண்டை

மைக் கெட்டுப்போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஊரடங்கெல்லாம் முடிந்து கிரிவலப் பாதையை மறுபடியும் திறந்துவிட்ட முதல் பௌர்ணமி அது. சாயங்கால வெயில் இறங்குவதற்குள்ளேயே அடி அண்ணாமலையில் சாலை நிறைந்துவிட்டது. தடுப்புக்குப் பக்கத்தில் நின்று, “பக்தர்கள் கவனத்திற்கு, சாலையின் இடதுபுறமாக நடந்து செல்லவும்” என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனேன். வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற காவலர் மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார். ‘டப் டப்’ என்று ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. மைக்குக்கு ஒன்றும் இல்லை.

நான் ஒரு தலைமைக் காவலர். என் முகம் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, குரல் பலருக்குத் தெரியும். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளின் சட்டை நிறத்தைச் சொல்லி அறிவிக்கிறது நான்தான். ஸ்டேஷனில் எனக்கு ‘மைக் செட்டு’ என்று பெயர். “நீ வேங்கிக்கால்ல இருந்து புள்ளையக் கூப்ட்டா ராஜகோபுரத்துல புறா பறக்குது” என்பார் என் கணவர். அவர் எலக்ட்ரீஷியன், நாலு வார்த்தையை ஒரு வார்த்தையாகச் சுருக்கிப் பேசுகிறவர். வீட்டில் பேசுகிற வேலையையும் என்னிடமே விட்டிருந்தார்.

அந்தப் பௌர்ணமியிலிருந்து எனக்கு ரகசியம் பேசுகிற அளவுக்கு மட்டும் காற்று வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று முதலில் விட்டுவிட்டோம். பனங்கற்கண்டு, சுக்கு, மிளகுப் பால் எல்லாம் ஆயிற்று. ஒரு அதிகாரி, தீபத் திருவிழா டூட்டியிலிருந்து தப்பிக்க நான் இப்போதே ஒத்திகை பார்க்கிறேன் என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பதிலுக்கு ஒன்று சொல்ல எனக்கும் இருந்தது, சொல்லத்தான் குரல் இல்லை. கணவர் வழிச் சொந்தத்தில் ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டு, “கொரோனாவுல மயானத்துப் பக்கம் டூட்டி பாத்தவ. என்னமோ புடிச்சிருக்கு” என்று சொல்லி கையில் கயிறு கட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது யோசித்தால் அந்த அம்மா சொன்னது ரொம்பத் தப்பில்லை.

ஆறு வயது மகளை நான் கைதட்டிக் கூப்பிடப் பழகினேன். அவளும் பழகிவிட்டாள். பிள்ளைகள் எதற்கும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, என் குரல்நாண்களை (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு சதை மடிப்புகள்) திரையில் காட்டினார். வெளுப்பாக, சுத்தமாக இருந்தன. “இருமுங்க” என்றார். இருமினேன். அறை அதிரச் சத்தம் வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

“பாத்தீங்களா? உங்க குரல் எங்கயும் போகலைங்க. உள்ளதான் இருக்கு. வெளிய வரத்தான் மாட்டேங்குது” என்றார். இதைச் செயல்வழிக் குரலிழப்பு (உறுப்பில் கோளாறு இல்லாமலே குரல் நின்றுபோவது) என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்.

இதைப் படிக்கிற காவலர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிரிவின் வராந்தாவில் யூனிஃபார்ம் இல்லாமல், துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருடனைப் பிடிக்கப் போனபோதுகூட அப்படி ஒளிந்ததில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். வேறு ஸ்டேஷன் ஏட்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மனநல டாக்டர் என் வயதுள்ள பெண். அவசரமே இல்லாமல் பேசினார். “கடைசியா எப்ப உங்களால சொல்ல முடியாமப் போச்சு?” என்று கேட்டார்.

“பௌர்ணமி அன்னைக்கு” என்றேன் ரகசியக் குரலில்.

“அது குரல் இல்லாமப் போன நாள். நான் அதைக் கேக்கலைங்க. குரல் இருந்தும் சொல்ல முடியாமப் போன நாள் ஏதாவது இருக்கா?”

நான் அழுதுவிட்டேன். அழுகைக்குச் சத்தம் வந்தது. அன்றைக்குத்தான் இதை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

இரண்டாம் அலையின் நடுவில் ஒரு காலை. கிரிவலத்துக்குத் தடை. அடி அண்ணாமலைத் தடுப்பில் நான் தனியாக நின்றிருந்தேன். ஈரப் புடவையும் வெறுங்காலுமாக ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் கற்பூர டப்பா. பெயர் அமுதா என்று பிறகு தெரிந்தது.

“எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில சீரியஸா இருக்காருன்னு ஸ்டேஷன்லருந்து போன் வந்துச்சுங்க. என்னை உள்ள வுட மாட்டாங்களாம். மலையையாவது சுத்திட்டு வரேன். தடுக்காதீங்க மேடம்.”

‘சீரியஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் என்று காவல் துறையில் இருக்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். நாங்கள் சாவைப் போனில் சொல்வதில்லை. எங்கும் எழுதிவைக்காத வழக்கம். விபத்து நடந்த இடத்திலேயே ஒருவர் போயிருந்தாலும், வீட்டுக்கு ‘சீரியஸா இருக்காரு, ஒடனே வாங்க’ என்றுதான் சொல்வோம். வருகிற வழியில் பதறி விழாமல், நாலு பேர் துணையோடு வந்து சேரட்டும் என்கிற இரக்கம்தான். வந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். நல்ல வழக்கம். ஆனால் அது வந்து சேர முடிகிற காலத்துக்கான வழக்கம். யாரும் எங்கும் வர முடியாத, உயிர் போன கொஞ்ச நேரத்திலேயே உடலும் போய்விடுகிற காலத்திலும் நாங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொஞ்சம் தள்ளிப் போய் எஸ்.ஐ.க்குப் போன் செய்தேன்.

“அடி அண்ணாமலை ஏழுமலை சம்சாரமா? அவரு விடியகாலமே போயிட்டாரும்மா. தம்பிக்குச் சொல்லியாச்சு. அண்ணிகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்னுட்டாரு. நீ எதுவும் சொல்லிடாத. நடுரோட்டுல வுழுந்து வச்சா எவன் தொட்டுத் தூக்குவான்? பின்னாடியே போ. டவுனுக்குள்ள அவங்க ஆளுங்க வந்து கூட்டிக்குவாங்க.”

அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவருக்கே காய்ச்சல். இரும இரும என்னிடம் பேசினார்.

நான் அவள் பின்னால் நடந்தேன். அவள் இடது ஓரமாக, வழக்கப்படி மலையை ஒட்டிய பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு நடந்தாள். நான் அரசாங்கம் சொன்ன ஆறடி தள்ளி நடந்தேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தச் சாலையில் குரங்குகள் மட்டும்தான் இருந்தன. பக்தர்கள் போடும் பழம் இல்லாமல் அவை சுவர்மேல் பசியோடு உட்கார்ந்திருந்தன.

அவள் திரும்பாமலே பேசிக்கொண்டு வந்தாள். ஏழுமலைக்குப் பாதையோரம் இளநீர் வண்டி. “இளநி சீவத் தெரியும், துட்டு கேக்கத் தெரியாதுங்க அந்தாளுக்கு. குடிச்சவன் பாட்டுக்குப் போறான், இவரு பாட்டுக்குச் சிரிச்சிக்கினு நிக்கறாரு” என்றாள். வந்ததும் வண்டிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம், பச்சையா நீலமா என்று சண்டையாம். பச்சைக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டாளாம்.

“சீரியஸ்னா பொழச்சிக்குவாங்க இல்ல மேடம்? எங்க பக்கத்துத் தெருவுல ஒருத்தரு ரொம்ப சீரியஸா இருந்து, வூட்டுக்கு வந்துட்டாரு.”

“ம்” என்றேன்.

அதைத் தவிர எனக்கு வேறு சொல் இல்லை. பொய்யும் சொல்ல வாய் வரவில்லை, நிஜத்தையும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறக்காமலே சொல்ல முடிகிற ஒரே சத்தம் அதுதான். வாயு லிங்கம், குபேர லிங்கம் எல்லாம் பூட்டியிருந்தன. பூட்டிய கதவுக்கு வெளியே தார் ரோட்டில் கற்பூரம் ஏற்றி, விழுந்து கும்பிட்டு, எழுந்து அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டாள். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே போனேன்.

ஈசானிய லிங்கத்தை ஒட்டி மயானம் இருக்கிறது. அதன் கேட்டில் டூட்டி பார்த்த காவலர் என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, “அக்கா, அடி அண்ணாமலை பாடி உள்ள போயிடுச்சு. தம்பி மட்டும் வந்திருக்காரு” என்றார் தணிந்த குரலில். முன்னால் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அமுதா கற்பூரம் ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள். மயானத்தின் புகைபோக்கியிலிருந்து புகை போனது. அந்தப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“யாரு வூட்டு மனுசனோ, பாவம். நல்லபடியா போய்ச் சேரட்டும். இல்லீங்களா மேடம்?”

“ம்” என்றேன்.

கேட் திறந்தது. பிளாஸ்டிக் அங்கியைக் கழற்றிக்கொண்டே ஏழுமலையின் தம்பி வெளியே வந்தார். அண்ணியைப் பார்த்ததும் அங்கியில் ஒரு கை மாட்டியபடியே நின்றுவிட்டார். அவள் கத்தவில்லை. அவரைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் முகக்கவசமும் அதன்மேல் கண்ணாடித் தடுப்பும் இருந்தன. அவள் என்ன பார்த்தாளோ எனக்குத் தெரியாது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளை ஒப்படைத்துவிட்டு நான் தடுப்புக்குத் திரும்பிப் போனேன். அங்கே மாஸ்க் இல்லாமல் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள், நன்றாகத் திட்டினேன். குரல் கணீரென்று இருந்தது.

அன்றைக்கே எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் காவலர்களின் வீட்டில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். பல மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது, அதை நோய் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் நடந்து போனால் அவளை என்னால் முந்த முடியாது. மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், எவ்வளவு அவசரம் இருந்தாலும் ஆறடி தள்ளி அவள் பின்னாலேயே போவேன். அவள் நின்றால் நிற்பேன். ஒருமுறை முன்பின் தெரியாத ஒருத்தியின் பின்னால் அவள் தெருமுனை வரை போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று புரியாமல் திரும்பினேன். கற்பூர வாசனை வந்தால் கை சில்லிட்டுப் போகும். பூஜை நேரத்தில் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன்.

டாக்டர் இதற்கு இரண்டாம்நிலை அதிர்ச்சி அழுத்தம் (தனக்கு நேராத துயரத்தை, நேர்ந்தவர்களுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தும் கேட்டும் அதற்குள் அகப்பட்டுக்கொள்வது) என்று பெயர் சொன்னார். “எனக்கு ஒண்ணும் நடக்கலைங்களே டாக்டர். அவளுக்குத்தானே நடந்தது” என்றேன்.

“அதனாலதான் நீங்க அன்னைக்கு அழக்கூட இல்ல. எனக்கென்ன உரிமைன்னு உள்ளயே வச்சிட்டீங்க” என்றார்.

மாத்திரை கொடுத்தார், தூக்கம் வந்தது. கூடவே குரல் பயிற்சிக்கும் அனுப்பினார். பயிற்சி தருகிற பெண் சின்ன வயது, கலகலவென்று பேசுகிறவள். “பயப்படாதீங்க மேடம், இருக்கறதுலயே லேசானதுல ஆரம்பிக்கலாம். வாயை மூடிக்கிட்டு ம்ம்னு சொல்லுங்க. கொழந்தைகூடச் சொல்லும்” என்றாள்.

எனக்கு வரவில்லை. உதட்டை மூடியதும் தொண்டையும் சேர்ந்து மூடிக்கொண்டது. வேர்த்து ஊற்றியது. மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

அவள் நல்ல பெண். காரணம் கேட்காமல் வழியை மாற்றினாள். இருமச் சொன்னாள், இருமலின் வாலைப் பிடித்து ‘ஆ’ என்று இழுக்கச் சொன்னாள். ‘ஆ’விலிருந்து ‘ஆமா’, ‘ஆமா’விலிருந்து ‘ஆளு’, ‘ஆட்டோ’. அம்மியில் அரைக்கிற மாதிரி கரகரவென்று ஒரு குரல் வந்தது. வாரங்கள் போகப் போக அது என் குரலாக மாறியது. மகளை நான் முதல்முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் ஓடிவராமல், கைதட்டிக் காட்டி, “இப்படிக் கூப்பிடு” என்றாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் அழுதேன்.

எல்லாம் வந்தது, ‘ம்’ மட்டும் வரவில்லை.

அது ஒரு குறையா என்று கேட்கலாம். பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். என் மகளுக்குக் கதை கேட்பதைவிடச் சொல்வதுதான் பிடிக்கும். ஒரு யானை வரும், யானைக்கு ஒரு பிஸ்கெட் கடை இருக்கும். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, “ம் கொட்டும்மா” என்பாள். நான் ‘ஆமா’ என்பேன், ‘சரி’ என்பேன், ‘அப்புறம்?’ என்பேன். “அதெல்லாம் கிடையாது. ம் கொட்டினாதான் நீ கேக்கறேன்னு அர்த்தம்” என்று கோபித்துக்கொண்டு அப்பாவிடம் போய்விடுவாள். அதிகம் பேசாத அவர் நன்றாக ‘ம்’ கொட்டுவார். யானைக் கதையை நான் அடுத்த அறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமுதாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று டாக்டரிடம் சொன்னேன். “போறது உங்க இஷ்டம். ஆனா உங்க பாரத்தை எறக்கி வைக்க அவங்க தலையைத் தேடறீங்களான்னு மட்டும் யோசிச்சுக்கங்க” என்றார். நான் போகவில்லை. அந்தப் பக்கம் டூட்டி போட்டால் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் தோழிகள் எல்லோரும் கிரிவலம் போய்விட்டார்கள் என்று மகள் அழுததால், காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அடி அண்ணாமலையைத் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். வெறுங்கால். வெடித்த இடது குதிகாலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற நடை. அவள் முகத்தைவிட அவள் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் தானாகவே ஆறடி தள்ளிப் பின்னால் நடந்தேன். அவள் நின்றாள். ஓரமாக ஒதுங்கி, நாங்கள் தாண்டிப் போவதற்காகக் காத்திருந்தாள். என்னால் தாண்ட முடியவில்லை, நானும் நின்றேன். அவள் இரண்டு அடி வைத்தாள், நான் இரண்டு அடி வைத்தேன். மறுபடி நின்றாள், மறுபடி நின்றேன். மகளுக்கு இது விளையாட்டாகப் பட்டுக் கெக்கெக்கென்று சிரித்தாள்.

“போங்கம்மா முன்னாடி” என்றாள் அமுதா திரும்பி. “எனக்குப் பின்னால யாரு நடந்து வந்தாலும் ஆகாது. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும்.”

“ஏன்?” என்றாள் மகள்.

அமுதா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது யாரோ ஒரு முகம். குழந்தையிடம் சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரரு கொரோனாவுல தவறிட்டாரும்மா. பொழைக்கணும்னு நான் மலை சுத்தறேன், அவரு அங்க எரியறாரு. ஒரு போலீசம்மா பின்னாடியே வந்தா அன்னைக்கு. நான் கேட்டதுக்கெல்லாம் ம், ம்னா. அந்த ஒரு சத்தந்தான் இன்னும் பின்னாடியே வருது. அவளுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். பாவம், அவளும் வேலைக்கு வந்தவதானே. இல்ல, தெரிஞ்சிருக்கும்ன்றீங்களா?”

சாலையில் ஒரு ஆட்டோ போனது. மகள் என் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். என் உதடுகள் மூடிக்கொண்டன.

“ம்” என்றேன்.

அவள் குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். தண்ணீர் தளும்பி அவள் காலில் கொட்டியது.

“இன்னொரு தரம் சொல்லு.”

“ம். தெரியும். எனக்குத் தெரியும்” என்றேன்.

அவள் திட்டுவாள், அழுவாள், குடத்தைத் தூக்கி அடிப்பாள் என்று நின்றேன். அவள் குனிந்து குடத்தை எடுத்து மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“முன்னாடி போ” என்றாள்.

நான் அவளைத் தாண்டினேன். ஒரு பெண்ணைத் தாண்டி நடந்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. அவள் தோள் என் தோளுக்கு நேராக வந்து பின்னால் போனபோது, அவளுடைய ஈரக் காலின் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் எங்கள் பின்னாலேயே வந்தது. பச்சை பெயின்ட் அடித்த வண்டி ஒன்று சாலையோரம் நின்றிருந்தது. அதைத் தாண்டிய பிறகும் கொஞ்ச தூரம் கேட்டது போலிருந்தது. அது அவளா, என் காதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் குரல் இப்போது சரியாகிவிட்டது. பௌர்ணமிக்கு மைக் பிடிக்கிறேன். சாவுச் செய்தி சொல்ல வேண்டி வந்தால் ‘சீரியஸ்’ என்று சொல்வதில்லை. கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு, போனிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்முனையில் எழுகிற சத்தத்தை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். கற்பூர வாசனை இன்னும் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வாயு லிங்கம் நெருங்கும்போது மகள் விட்ட இடத்திலிருந்து யானைக் கதையை எடுத்தாள். கடையில் பிஸ்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது, யானை அழுகிறது. “ம் கொட்டும்மா” என்றாள். கொட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லாமல் கதையைத் தொடர்ந்தாள். ஒவ்வொரு ‘ம்’முக்கும் பின்னால் ஆறடி தள்ளி இன்னொருத்தி அதைக் கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தே நான் கொட்டினேன். இப்போதும் அப்படித்தான் கொட்டுகிறேன்.